சத்தியபாயின் முட்டும் லிஜியின் ஓலையும்

பாறசாலை,
வியாழக்கிழமை

அன்புத் தங்கை சத்தியபாய்க்கு,

ஆண்டவர் தயவில் நானும் உன் மதினியும் சுகமாயிருக்கிறோம். ஆரியங்கோட்டில் உன் சுகம், மகள் லிஜியின் சுகம், பால்வெட்டுக்கு நிற்கும் ரப்பர் மரங்களின் சுகம், விசேஷமாக உன் முழங்கால் முட்டின் சுகம் ஆகியவற்றை அறிய ஆவலாயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ என் போனை எடுக்காததால் இதைத் தாளில் எழுதி ஆட்டோ ரதீஷ் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் தலைப்புச் செய்தி. தவறு கண்டுபிடிக்கப்பட்டது, திருத்தவும்பட்டது. முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவன், ஓய்வு பெற்றபின் வீடியோ பார்த்தே புரோகிராம் எழுதப் படித்தவன், நம் சபைக்கு ஒரு சர்வரைத் தனியாளாகக் கட்டிக் கொடுத்தவன் சொல்கிறேன், நீ தைரியமாக இரு.

அந்த சர்வர் மூன்று மாதமாக எப்படி ஓடியது என்று உனக்கே தெரியும். ஜெப விண்ணப்பம், அறிவிப்பு, ஆராதனையில் வாசிக்கும் கல்யாண ஓலை எல்லாம் சபைக்காரர் வீட்டிலிருந்தே அனுப்ப, அது போதகரின் மேசையில் அச்சாகி விழும். முன்பெல்லாம் ஒரு காய்ச்சலுக்கு ஜெபம் கேட்பவர்கூட "சகல கிருபைகளுக்கும் ஊற்றாகிய" என்று தொடங்கி அரைப்பக்கம் ஸ்தோத்திரம் சொல்லித்தான் காய்ச்சலுக்கு வருவார். என் சர்வர் வந்தபிறகு எல்லா விண்ணப்பமும் நேரே காய்ச்சலில் தொடங்கியது. போதகர் என் கையைப் பிடித்து, "எலியா அண்ணே, நம்ம ஆளுகளுக்குச் சுருக்கமாட்டு எழுதப் படிப்பிச்சது நீங்களாக்கும்" என்றார். நானும் மறுக்கவில்லை. சுருக்கியது யார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

நீ ஒருத்திதான் இந்தச் சபையிலேயே ஸ்தோத்திரம் இல்லாமல் எழுதுகிறவள். நாற்பது வருஷமாக எனக்கு வரும் உன் கடிதங்களில் "அன்புள்ள" கூடக் கிடையாது. சர்வரில் அனுப்பிய ஓலையிலும் லிஜியின் பெயர், மாப்பிள்ளை ஜிபினின் பெயர், குளத்தூர் விலாசம், கல்யாணத் தேதி என்று காரியத்தை முதலில் வைத்து, அதன் பின் சாவகாசமாக உன் முட்டுவலியை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சம்பந்தி வேதமணி தன் குடும்பத்தில் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, போதகர் எழுந்து உன் முட்டுக்காக ஐந்து நிமிடம் ஜெபித்தார். ஓலை வரவேயில்லை. வெளியே வந்து வேதமணி சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "ஓலை வாசிக்கும்னு வந்தோம், முட்டுக்கு ஜெபிச்சிட்டுப் போறோம். பெண்ணுவீட்டுக்காரருக்கு மனசு மாறிச்செங்கில் நேரே சொல்லணும்." லிஜி என்னிடம், "மாமா, நீங்க என்னத்தச் செஞ்சீங்க?" என்று கேட்டபோது அவள் கண் நிறைந்திருந்தது. நீயோ, "அண்ணா, ஒனக்க மிஷினுக்கு எனக்க முட்டு மட்டும்தான் கேட்டுதோ? இனி ஒண்ணும் பேசாண்டாம்" என்று போய்விட்டாய். நியாயம்தான் மக்கா. எனக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது.

நடந்தது இதுதான். நீ அனுப்பும் எழுத்து ஒரே மூட்டையாக வராது. துண்டு துண்டாக ஓடி வரும். ஒவ்வொரு துண்டும் சர்வர் வாசலில் ஒரு தடவை குரல் கொடுக்கும். அப்போது வாங்க ஆளில்லை என்றால் அந்தத் துண்டு போனதுதான், மறுபடி கூப்பிடாது. என் சர்வர் என்ன செய்தது என்றால், யாரோ வருகிறார்கள் என்றதும், இவர் நம் சபைதானா என்று விசாரிக்க ஆரியங்கோட்டு சபை ஆபீசிலுள்ள பழைய கம்ப்யூட்டரில் அங்கத்தினர் பட்டியலைப் பார்க்கப் போய்விட்டது. அது நிதானமாகப் பார்த்து "ஆமா, நம்ம ஆளுதான்" என்று சொல்வதற்குள் முதல் துண்டுகள் கூப்பிட்டு ஓய்ந்து போயிருக்கும். குழாயைத் திறந்துவிட்டுக் குடம் தேடப் போன கதை. மற்றவர்களுக்கு ஸ்தோத்திரம் கொட்டிப் போனது, உனக்கு மகளின் கல்யாணம் கொட்டிப் போனது.

இப்போது குடத்தை முதலிலேயே வைத்துவிட்டேன். இதற்குப் பஃபர் என்று பெயர். விசாரணை முடியும்வரை வருகிற துண்டுகளையெல்லாம் வரிசை மாறாமல் பிடித்து வைத்து, முடிந்ததும் மொத்தமாகக் கொடுக்கும். திங்கட்கிழமை முதல் ஓடுகிறது. ஆகையால் நீ தாளில் எழுதிப் போதகரிடம் கொடுப்பேன் என்று உன் மதினியிடம் சொன்னாயாமே, அது எனக்குக் குறைச்சல், தயவுசெய்து வேண்டாம். மூன்று ஞாயிறு பெயர் வாசித்து "ஆட்சேபம் உண்டா" என்று கேட்டால்தான் கல்யாணம். நமக்கு மிச்சமிருப்பதும் மூன்றே ஞாயிறு. அது முடிந்த வாரமே கல்யாணத்தை முடித்து ஜிபின் குவைத்துக்கு விமானம் ஏற வேண்டும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சர்வரிலேயே மறுபடி அனுப்பு. வேதமணியிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஓலை வாசிக்கப்படும், நான் பொறுப்பு.

லிஜிக்கும் ஜிபினுக்கும் என் ஆசீர்வாதம். உன் முட்டுக்கு என் தனி ஜெபம். சமாதானத்தின் தேவன் உன் கோபத்தையும் சேர்த்துக் காப்பாராக.

உன் பிரிய அண்ணன்,
எலியா

பி.கு.: நீ தொடக்கத்தைத் தள்ளிவிட்டுக் கடைசியைத்தான் முதலில் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே உண்மையை இங்கே வைக்கிறேன். மேலே உள்ளதை எழுதி மடித்தபின் ஒரு சோதனை விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தேன். வரவில்லை. குடத்தை வைத்தேன், அதைச் சாய்க்கும் வரியை எழுத மறந்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் சபை அனுப்பிய பத்தொன்பது விண்ணப்பமும் முழுசாக, ஒரு ஸ்தோத்திரம்கூடக் குறையாமல் அதற்குள்ளேயே இருக்கின்றன. சர்வரில் ஒன்றும் அனுப்பாதே. ஓலையை என் கையாலேயே தாளில், "லிஜி" என்று முதல் வார்த்தையிலேயே தொடங்கி எழுதி, போதகர் வீட்டுக்குப் போய்க் கொடுத்து, அவர் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டுவிட்டு வந்தேன். ரதீஷுக்குப் பின்சீட்டில் இருப்பது நான்தான். கேட்டைத் திற, மக்கா.