சூசையப்பரின் பச்சைத் தாடி

இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் மனைவி தெரசம்மாள் அழக்கூடாது. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது இந்தச் சபதத்தை எடுத்தேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்காதீர்கள். சபதம் எடுக்கிறவன் காதில் வேறு எதுவும் விழாது.

எங்கள் மகள் ஃபாத்திமா போய் மூன்று வருஷம் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் இல்லை. பதினோரு வயசு. அவள் ஏழு வயசில் எங்கள் கிறிஸ்துமஸ் குடில் சுரூபங்களுக்கெல்லாம் தன் கையால் பெயிண்ட் அடித்திருந்தாள். சூசையப்பருக்குப் பச்சைத் தாடி. கழுதைக்கு அம்மாவின் நகப்பூச்சு. மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு என் மீசை, என் கண்ணாடி. "அப்பா, இந்த ராஜா நீங்கதான்" என்றாள். இருப்பதிலேயே குள்ளம் அவர்தான்.

அவள் போன பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் தெரசம்மாள் பரணிலிருந்து பெட்டியை இறக்குவாள். ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். அழுவாள். மறுபடி சுற்றி வைத்துவிடுவாள். குடில் போடுவது கிடையாது. சரியாக அந்த நேரம் பார்த்து எனக்குக் கீழே போய் ஸ்கூட்டரைத் துடைக்கிற அவசர வேலை வந்துவிடும். சூரமங்கலத்திலேயே பளபளப்பான ஸ்கூட்டர் என்னுடையதுதான்.

பச்சைத் தாடி இருப்பதால்தானே அழுகிறாள்? புதுசாகப் பெயிண்ட் அடித்துவிட்டால் தீர்ந்தது. என் மூளை அவ்வளவு வேகமாக வேலை செய்தது.

எதிர் வீட்டுத் தீர்த்தகிரி சங்ககிரி பட்டறையில் லாரிக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறவர். அவரிடம் போனேன்.

"விலை கம்மியா ஒரு ஏர்பிரஷ் வாங்கணும் தீர்த்தகிரி."

"எத்தனை வண்டிக்குங்க ஜெரால்டண்ணா?"

"வண்டிக்கு இல்லீங்க, சூசையப்பருக்கு."

"அவரு எத்தனை வீலுங்க?"

அரை அடி பொம்மை என்று கையால் காட்டினேன்.

"அப்பப் பேனாவாட்டம் இருக்கறது போதுமுங்க. பேட்டரில ஓடறது வேண்டாம், காத்து பத்தாது, துப்பும். டேங்க் இல்லாத கம்ப்ரசரும் வேண்டாம், விட்டு விட்டு வரும். சின்ன டேங்க் வெச்சதா, பாயிண்ட் மூணு நாசிலா பார்த்து வாங்குங்க. பெயிண்ட்டு தண்ணில கரையறதுதான். தின்னர் கொண்டாந்தீங்கன்னா அபார்ட்மெண்டே மயங்கி உழுந்துரும். மூஞ்சிக்கு மாஸ்க்க மறந்துராதீங்க."

"சத்தம் வருமா?"

"ஃப்ரிட்ஜ் ஓடற சத்தந்தானுங்க. ஊட்டுல என்ன சொன்னாங்க?"

"ஊட்டுல தெரியவே கூடாது."

தீர்த்தகிரி என்னைப் பாவமாகப் பார்த்தார்.

ஆறாயிரத்துக்குள் மொத்த செட்டும் பார்சலில் வந்து இறங்கியது.

"ஏனுங்க, இது என்னங்க?" என்றாள் தெரசம்மாள்.

"ஆவி பிடிக்கிற மிஷின். டாக்டர் சொன்னார்."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான். மூச்சு வாங்குது."

"எப்ப இருந்துங்க?"

"இந்தப் பார்சலை மூணு மாடி தூக்கிட்டு வந்ததுல இருந்து."

பாத்ரூமில்தான் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் உடைந்த டைல்ஸ் மேல் தங்கக் கலர் அடித்துப் பழகினேன்.

"ஏனுங்க, பாத்ரூம்லயா ஆவி பிடிக்கறது?"

"ஆவி வெளிய போகணுமில்ல!"

"உள்ள போகத்தானுங்க பிடிக்கறது?"

கம்ப்ரசரை மறுபடி ஓட்டினேன். மூச்சு வாங்குகிறவன் அதிகம் பேசக்கூடாது. வெளியே வந்தபோது அவள் என் மூக்கையே பார்த்தாள். மாஸ்க் போட மறந்திருந்தேன்.

"சளி தங்கமா வருதுங்க."

"கெட்டிச் சளி."

"மிளகு ரசம் வெக்கட்டுங்களா?" என்றாள். சிரிக்கக்கூட இல்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை அவள் கோயிலுக்குப் போனாள். நான் பெட்டியை இறக்கினேன். கையில் முதலில் வந்தது சூசையப்பர். வெள்ளை அடிப்பூச்சை நிரப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு விசையை ஒரே அமுக்கு. பச்சைத் தாடி காணாமல் போனது.

அப்போதுதான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. குழாயைத் திறந்து தேய்த்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், பச்சையும் சேர்ந்து உரிந்தது. என் பிள்ளை நாக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்து போட்ட தாடி. கல்லறைத் தோட்டத்தில்கூட அழாதவன் நான். அன்றைக்கு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கம்ப்ரசர் ஓட ஓட, வாய்விட்டு அழுதேன்.

தெரசம்மாள் வந்து நின்றது தெரியவில்லை.

"பாப்பா அடிச்சதை அழிச்சுட்டேன் தெரசா."

அவள் சுவிட்சை நிறுத்தினாள். என் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பிறகு போய், பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து வந்து பிரித்தாள். உள்ளே இன்னொரு சூசையப்பர், பச்சைத் தாடியோடு. பக்கத்தில் கழுதை, மீசை வைத்த ராஜா, எல்லோரும்.

"இதுதானுங்க பாப்பா அடிச்சது. உங்க கையில இருக்கறது நான் அடிச்சுப் பொட்டில மாத்தி வெச்சது. அதே கடையில, அதே அச்சுல புதுசா வாங்கி, இருவது ரூவா பிரஷ்ல அடிச்சேன். தாடிய அவளாட்டமே போடறதுக்குத்தான் நாலு நாளாச்சு."

"நான் பெயிண்ட் அடிக்கப் போறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மிஷின் வந்த அட்டைப்பொட்டி மேல பொம்மைக்குப் பெயிண்ட்டு அடிக்கற படம் போட்டிருக்குதுங்க."

"எனக்கு வித்தியாசமே தெரியலையே!"

"எப்படித் தெரியும்? மூணு வருசமா அதை ஒருக்காக்கூட நீங்க பார்க்கலையே."

எனக்குக் கோபம் வந்தது. எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

"அப்பவே சொல்லியிருந்தா மிஷினைத் திருப்பி அனுப்பியிருப்பேன். நானும் இப்படி அழுதிருக்க மாட்டேன்."

அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"அதுக்குத்தாங்க சொல்லல. நம்ம ரெண்டு பேரு புள்ளைக்கு நான் ஒருத்தியே எத்தனை வருசமுங்க அழுவறது?"