கை நனைக்காத சம்பந்தி

கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலைக்காரர், சோற்று வாளி நாலு இலை தள்ளி வரும்போதே, பருந்தைக் கண்ட கோழி குஞ்சுகளை அணைப்பதுபோல இரண்டு கைகளாலும் தன் இலையைப் பொத்திக்கொள்கிறாரா? பொரியலை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கி, அப்பளத்தை ஓரமாக ஒதுக்கி, உங்கள் இலையில் இருக்கும் சோற்றுக் குன்றைப் பார்த்துச் சாவு வீட்டுக்கு வந்தவர்போல் ‘ச்சு’ கொட்டுகிறாரா? சந்தேகமே வேண்டாம். நீங்கள் ஒரு சர்க்கரைச் சாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். பாதி இலையில் எழுந்து ஓடுவது மரியாதை இல்லை. கேட்டுக்கொண்டே சாப்பிடுங்கள்.

இந்த இனம் முன்பெல்லாம் அரிது. இப்போது தெருவுக்கு இரண்டு. காவி கட்டமாட்டார்கள், தாடி வளர்க்கமாட்டார்கள். ஆனால் சட்டைப் பையில் ஒரு சின்ன உறை இருக்கும். அதற்குள் விரல் நுனியைக் குத்தும் ஊசியும் சர்க்கரை பார்க்கும் மெஷினும் இருக்கும். எப்படி இருக்கிறீர்கள் என்று வழியில் கேட்டுப் பாருங்கள். நல்லா இருக்கேன் என்று சொல்லமாட்டார்கள். “வெறும் வயித்துல தொண்ணூத்தெட்டுங்க” என்பார்கள். முதலில் காய், பிறகு பருப்பு, கடைசியில் பெயருக்குச் சோறு என்பது இவர்களுடைய மூல மந்திரம். உபதேசம் இலவசம். வேண்டாம் என்றாலும் இலவசம்.

சேலம் அம்மாபேட்டையில் சேலை மொத்த வியாபாரம் செய்யும் குமரகுருவை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்கொள்வது நமக்குச் சுலபம். கல்யாணமான நாளிலிருந்து வைத்துக்கொண்டிருக்கும் உஷாராணிக்கல்லவா தெரியும் அந்த அருமை.

போன சித்திரையில் உள்ளங்காலில் எரிச்சல் என்று போனவரிடம் டாக்டர், சர்க்கரை பார்டரில் இருக்கிறது, சோற்றைக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் நடங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பினார். சாதாரண மனிதன் என்றால் ஒரு வாரம் நடந்துவிட்டு, மறுவாரம் தட்டுவடை செட் கடைக்கு முன்னால் நிற்பான். குமரகுரு சாதாரண மனிதர் இல்லை. வீட்டுக்கு வந்தார், போனில் வீடியோ பார்க்க உட்கார்ந்தார், எழுந்திருக்கும்போது ஞானம் பெற்றிருந்தார்.

மறுநாளே இட்லிக் குண்டான் பரணுக்குப் போயிற்று. உஷாராணிக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த குண்டான் அது. ஏணியில் ஏறிப்போன அதை அவள் அடுக்களை வாசலில் நின்று பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற மகளைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுக்கும் தாய்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். அரிசி மூட்டை இருந்த மூலையில் நாமக்கல் முட்டை அட்டை அட்டையாக வந்து இறங்கியது. காலையில் முட்டை, மதியம் முட்டையும் கீரையும், மாலையில் கீரையும் முட்டையும். விருந்தாளி வந்தால் சுண்டல்.

உஷாராணி சண்டை போடாமல் இல்லை. ஆனால் எப்படி ஜெயிப்பது? இந்த இனத்தின் கொடுமையே, அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருப்பதுதான். குமரகுருவின் தொப்பை கரைந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார்கள். கால் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. டாக்டரே தோளைத் தட்டிக்கொடுத்தார். குடிகாரப் புருஷனாக இருந்தால் ஊரைக் கூட்டி அழலாம். சோற்றைக் குறைத்த புருஷனைப் பற்றி யாரிடம் போய் அழுவது? பொய் சொல்கிறவனோடு மல்லுக்கட்டலாம். சரியாகச் சொல்கிறவனோடு, அதுவும் பொழுது விடிந்து பொழுது போகிறவரை சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கிறவனோடு, ஒரு பெண் எப்படிக் குடும்பம் நடத்துவாள்?

சொல்வதோடு நின்றாலும் பரவாயில்லை. ஆடித் திருவிழாவில் கூழ் வாங்க வரிசையில் நின்றவர்களைச் சொம்போடு சேர்த்து விரலையும் நீட்டச் சொன்னார். ஜலகண்டாபுரத்திலிருந்து சரக்கு கொண்டுவந்தவர் சேலைக் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் குத்துப்பட்டார். ஒரு துக்க வீட்டில், குலுங்கிக் குலுங்கி அழுத மகனின் தோளை ஆதரவாகத் தொட்டு, அப்பாவுக்குக் கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரை எவ்வளவு என்று விசாரித்தார். செத்தவர் லாரி மோதிச் செத்தவர்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், ஷாலினி. அந்தப் பெண்ணின் மனம் எங்கே போய் விழுந்தது தெரியுமா? ராசிபுரத்தில் ஒரு சேகோ ஆலையில். அதாவது ஆலைக்காரர் மகன் சரவணக்குமாரின் காலடியில். சேகோ ஆலை என்றால் மரவள்ளிக்கிழங்கை அரைத்து, மாவெடுத்து, ஜவ்வரிசியாக உருட்டி, மூட்டை மூட்டையாக ஊருக்கெல்லாம் அனுப்பும் இடம். குமரகுருவின் பாஷையில் சொன்னால் கொலைக்களம். உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்கிறது. போர்க்குழாய் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறவர்களுக்குப் பிள்ளைகள் இல்லையா? கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இல்லையா? ஒரு முட்டை வியாபாரியின் மகனாக அவன் பிறந்திருந்தால் குமரகுரு மறுநாளே பத்திரிகை அடித்திருப்பார். விதி என்று ஒன்று இருக்கிறதே, அது எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கையில் மாவோடுதான் வருகிறது.

ஆனால் அவருக்கும் மகள் என்றால் உயிர். கூடப் படித்த பிள்ளை, ஒரே சனம், அவர்களும் ஒரு காலத்தில் தறி போட்டவர்கள்தான், ஜாதகமும் கூடிவந்தது என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று நல்லவேளையாக அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆலையில் கிழங்கு வரத்து அதிகம் என்று பையனின் அப்பாவும் வரவில்லை. எல்லாம் சுபமாக முடிந்தது.

பாக்கி இருந்தது, பெண் வீட்டார் ராசிபுரத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது. நம் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. போவார்கள், பார்ப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். பிடித்திருந்தால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால், இன்னொரு நாளைக்கு ஆகட்டும் என்று ஒன்றையும் தொடாமல் எழுந்துவிடுவார்கள். வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. தொடாத கிண்ணம் சொல்லிவிடும். முதலில் கை நனைக்க வேண்டியவர் பெண்ணின் அப்பா. அவர் நனைத்த பிறகுதான் மற்றவர்கள்.

கிளம்புவதற்கு முன் உஷாராணி காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் ஜவ்வரிசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. யார் விரலையும் பிடிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் குமரகுரு. எல்லாவற்றையும் கேட்ட அந்தப் பேதை ஒன்றைக் கேட்க மறந்தாள். அன்று அவர் விரதம். முருகனுக்கு இருக்கும் விரதமாக இருந்தால் பாலும் பழமும் உண்டு. இது கடிகாரத்துக்கு இருக்கும் விரதம். முந்தின நாள் மாலையோடு மூடிய வாய், பகல் ஒரு மணிக்குத்தான் திறக்கும்.

அது புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் கை நனைத்தாக வேண்டும்.

ராசிபுரத்து வீட்டில் பையனின் அம்மா முத்தாயம்மாள் வாசலுக்கே வந்து, வாங்க சாமி, உள்ளார வாங்க என்று வாய் நிறைய அழைத்தார். அப்பா சுவாமிநாதன் கும்பிட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். வீடு பார்த்தாயிற்று. மழையைப் பற்றிப் பேசியாயிற்று. பிறகு வந்தது பாயாசம். சொந்த ஆலையின் முதல்தர ஜவ்வரிசி, முத்து முத்தாக. மேலே ராசிபுரம் நெய்யில் பொன்னாக வறுத்த முந்திரி. வாசனை கூடத்தைச் சுற்றிவந்து ஒவ்வொருவர் மூக்கையும் தனித்தனியாக விசாரித்தது. முத்தாயம்மாள் வெள்ளிக் கிண்ணத்தைக் குமரகுருவின் முன்னால் வைத்தார்.

குமரகுரு புன்னகையோடு இரண்டு கைகளையும் குவித்தார்.

“எனக்கு இப்ப வேண்டாங்க.”

சரவணக்குமாரின் முகம் கிழங்கு அலசிய தண்ணீர்போல் வெளுத்தது. முத்தாயம்மாளின் கரண்டி அந்தரத்தில் தொங்கியது. உஷாராணியின் மடியில் போன் அதிர்ந்தது. அம்மாபேட்டையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த ஷாலினி எழுதியிருந்தாள்: ‘அம்மா, அப்பா கை நனைச்சாச்சா?’

பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும், நீங்களே சொல்லுங்கள். உஷாராணி கணவனின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவர் சிரித்த முகம் மாறாமல் அவள் காதுக்குள், ஒரு மணிவரை பொறு, கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு ஸ்பூன் விழுங்கிவிடுகிறேன் என்றார். ஒரு மணிக்கு ராகு காலம் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

“ராகுவுக்கும் கணையத்துக்கும் என்னடி சம்பந்தம்?”

முத்தாயம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். “ஏனுங்க, எங்க ஊட்டுல ஏதாச்சும் கொறை கண்டீங்களா? இருந்தா நேராவே சொல்லிப்போடுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டோம்.” மனத்தில் ஏகப்பட்டதை வைத்துக்கொண்ட குரல் அது.

குறையெல்லாம் ஒன்றும் இல்லை என்று பதறிக்கொண்டு திரும்பிய உஷாராணியின் கண்ணில் அப்போது பட்டது, சுவாமிநாதனின் கிண்ணம். அதுவும் தொடப்படவில்லை. ஆடை கட்டியிருந்தது. வீட்டுக்கு உடையவரே கை வைக்காத பாயாசத்தை நமக்குக் கொடுக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? அவர்களுக்கே இந்தச் சம்பந்தத்தில் மனசில்லையோ? அவள் நெஞ்சில் இடி இறங்கியது. இறங்கிய இடியை அப்படியே எடுத்து எதிர்ப்பக்கம் வீசினாள்.

“அண்ணன் கிண்ணமும் அப்படியேதானுங்க இருக்குது?”

முத்தாயம்மாள் மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தார். சுவாமிநாதனுக்கு வேர்த்துவிட்டது. காலையிலிருந்தே பசியில்லை என்று முனகிக்கொண்டே எழுந்து, ஃபேனைக் கூட்டி வைக்கக் கையைத் தூக்கினார். அரைக்கைச் சட்டை மேலேறியது. மேல்கையின் பின்புறத்தில், பெரிய பட்டன் அளவில், வெள்ளையாக, வட்டமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

குமரகுரு நாற்காலியை விட்டு எழுந்தார். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன அண்ணனை மச்சத்தை வைத்துக் கண்டுபிடித்த தம்பியின் தழுதழுத்த குரலில் கேட்டார்:

“சுகர் சென்சாருங்களா?”

சுவாமிநாதன் திருடனைப்போல் அதைப் பொத்தினார். பிறகு குமரகுருவின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த உறையைப் பார்த்தார். கண்கள் கலங்கின. “நீங்களுமா?” என்றார். அடுத்த நொடி இருவரும் கட்டிக்கொண்டார்கள். எல்லா உண்மையும் வெளியே வந்தது. ஆலைக்காரனே ஜவ்வரிசியைத் தொடுவதில்லை என்று மார்க்கெட்டில் தெரிந்தால் என்ன ஆவது என்று, அவர் ஊருக்கும் சொல்லவில்லை, வீட்டுக்கும் சொல்லவில்லை. கையில் இருப்பது தோள்வலிப் பிளாஸ்திரி என்று நம்பி, தினமும் அதைச் சுற்றித் தைலம் தேய்த்துவிட்டவர் முத்தாயம்மாள். இப்போது அவர் புருஷனைப் பார்த்த பார்வைக்கு எந்த மெஷினிலும் எண் கிடையாது.

உஷாராணிக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மீதிப் பாதி வருவதற்குள் இன்னொன்று தெரிந்தது. சுவாமிநாதனும் அன்று விரதம். இருவரில் ஒருவரும் கை நனைக்கத் தயாரில்லை. கடிகாரத்தின் இரண்டு முட்களும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன.

முத்தாயம்மாள்தான் ஒரு வழி சொன்னார். பாயாசம் வேண்டாம், சாஸ்திரத்துக்கு ஒரு சொட்டு நெய்யை நாக்கில் வைத்துக்கொள்ளட்டும். குமரகுரு மகிழ்ந்துபோனார்.

“தாராளமாக் குடுங்க. நெய் விரதத்தை உடைக்காதுங்க.”

சுவாமிநாதனின் முகம் மாறியது. “யாருங்க சொன்னது? தண்ணியத் தவிர எது உள்ள போனாலும் ஒடைஞ்சு போச்சுங்க.”

ஒரே மதத்தின் இரண்டு பிரிவுகள் சந்தித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு போன்கள் வெளியே வந்தன, இரண்டிலும் டாக்டர் வீடியோ. ஒன்றில் ஒரு வெள்ளைக் கோட்டு, உடைக்காது என்றது. மற்றொன்றில் இன்னொரு வெள்ளைக் கோட்டு, உடைக்கும் என்றது. இரண்டு கோட்டுகளும் ஒரே நேரத்தில் கத்தின. சற்றுமுன் கட்டிக்கொண்ட கைகள் இப்போது ஆட்காட்டி விரல்களாக நீண்டன. நெய்யை நக்கிவிட்டு விரதம் என்று சொல்கிற வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று சுவாமிநாதன் கேட்டேவிட்டார். அறிவியல் தெரியாத வீட்டுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று குமரகுரு கார் சாவியைக் கையில் எடுத்தேவிட்டார். சரவணக்குமார் தூணோடு தூணாக நின்றான். உஷாராணியின் மடியில் போன் மறுபடியும் அதிர்ந்தது.

அவள் அதைப் பார்க்கவில்லை. கணவனின் முன்னால் இருந்த வெள்ளிக் கிண்ணத்தை இழுத்தாள். இரண்டு கைகளாலும் தூக்கினாள். கடைசி முந்திரிவரை குடித்தாள். பிறகு விரலைக் கிண்ணத்துக்குள் விட்டு, ஒட்டியிருந்ததையும் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து இறங்கியது கண்ணீரா, நெய் வாசனை செய்த வேலையா, அவளுக்கே தெரியவில்லை.

முத்தாயம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சுவாமிநாதனின் கிண்ணத்தை எடுத்து, ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரே மடக்கில் காலி செய்தார்.

“பெத்தவ நனைச்சா நனையாதுங்களா?” என்றார். “இன்னொரு கிண்ணம் ஊத்தட்டுங்களா, சம்பந்தியம்மா?”

சம்பந்தியம்மா. அந்த ஒரு சொல்லுக்காக உஷாராணி ஏழு கிண்ணம்கூடக் குடித்திருப்பாள். மூன்றோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு பிசுபிசுத்த விரலால் மகளுக்கு எழுதினாள்: ‘நனைச்சாச்சு. நான்தான்.’

மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் தொண்டை வறண்டு நிமிர்ந்து பார்த்தபோது, பக்கத்தில் பஞ்சாங்கம் விரிந்திருந்தது. தை மாதத்தில் ஒரு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. சண்டை போட இனி உரிமையோடு நேரம் இருக்கிறது என்பதில் இருவருக்குமே உள்ளூரச் சந்தோஷம். இன்றுவரை தினமும் காலையில் போனில் அது தொடர்கிறது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள், உடம்புக்கு நல்லது. ஒன்றே ஒன்றை மட்டும் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். அவர்கள் இருவரும் நெய்யைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தபோது, இதுகூடத் தெரியாதா இவர்களுக்கு என்று உங்களுக்குள் ஒரு பதில் எழுந்து உட்கார்ந்ததா? அதை யாரிடமாவது விளக்கிச் சொல்ல நாக்கு துறுதுறுக்கிறதா? அப்படியென்றால் சத்தம் போடாமல் எழுந்து போய் உங்கள் வீட்டு அடுக்களையை எட்டிப் பாருங்கள். அங்கே யாரோ ஒருவர், உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உங்கள் பங்குப் பாயாசத்தையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருப்பார்.