தூசி தட்டினால் ஐந்து நட்சத்திரம்

திறமையை அளக்கும் பரீட்சைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தெரியாததைச் சொல்லிக்கொடுப்பதற்காகப் பள்ளிக்கூடம் வைப்பது. மற்றது, தெரியாதவனை வாசலோடு அனுப்புவதற்காகக் கம்பெனி வைப்பது. இரண்டிலும் டேப்பின் திரையை விரலால் தொட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால், இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிய ஆள் விருதுநகர் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். (பிடித்துப்போய் அல்ல.) பிறகு சூரத்தில் தட்டு கழுவினேன். லாரி கிளீனராக நாக்பூர் வரை போனேன். கோலாப்பூர் பக்கம் ஒரு வெல்ல ஆலையில், நின்றுபோன மெஷினைத் திறந்து பார்க்கப்போய், இடது சுண்டுவிரலின் நுனியை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். (வீட்டில் லாரிக் கதவில் நசுங்கியது என்று சொல்லிவைத்திருந்தேன்.)

ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டில்தான் தங்கல். அத்தான் செண்பகத்தோப்பில் வனக்காவலர். யானையையே கை தட்டி விரட்டுகிறவர், மச்சினன் வீட்டிலேயே கிடப்பதைப் பார்த்து மிரண்டுபோய், இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி மேனேஜரிடம் எனக்காகச் சொல்லியிருந்தார்.

"அவிய யார்ட்டயும் போயி நின்னவிய இல்ல. ஒனக்காவ நின்னுருக்காவ," என்றாள் அக்கா. "இதையும் கோட்டை விட்டேன்னா பொறவு இந்த வீட்டுல நான் வாய் தொறக்க முடியாது, பாத்துக்க. டேப்புல ஏதோ பரீட்சை வைப்பாகளாம்."

பரீட்சை என்றதும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நழுவப் பார்த்தேன். அக்கா மகள் மதி ஏழாம் வகுப்பு. அவள் மட்டும் அசரவில்லை.

"எங்க ஸ்கூல்லயும் இருக்கு மாமா. திறன் மதிப்பீடுன்னு பேரு. வாங்க, நான் பழக்கிவிடுதேன்."

டேப்பில் தன் பெயரில் உள்ளே நுழைந்து என்னிடம் கொடுத்தாள். முதல் கேள்வி: உன் பொம்மைக் கார் ஓடாமல் நின்றுவிட்டது. என்ன செய்வாய்? 'பெரியவர்களிடம் சொல்வேன்' என்பதைத் தொட்டேன். (சுண்டுவிரல் சொன்ன பதில்.) இரண்டே நட்சத்திரம் வந்தது.

"ஐயோ மாமா! நானே திறந்து பார்த்துக் கற்றுக்கொள்வேன்னு போடணும். அதான் ஆர்வம்!"

மாற்றித் தொட்டேன். ஐந்து நட்சத்திரம். பலூன் வேறு பறந்தது. அடுத்து, கைவேலைக்கு வைத்திருந்த துணி தரையில் விழுந்துவிட்டது. குப்பையில் போடுவேன் என்றேன். மதி தலையில் அடித்துக்கொண்டாள். "வீணாக்கலாமா? தூசி தட்டித் திரும்பவும் பயன்படுத்துவேன்!" மறுபடியும் ஐந்து நட்சத்திரம். 'புதுப்புது இடங்களுக்குப் போகப் பிடிக்குமா' என்ற கேள்விக்கு மட்டும் நானே பதில் சொல்லி முழு நட்சத்திரம் வாங்கினேன். இந்தப் படிப்பு என் காலத்தில் இருந்திருந்தால் நான் கலெக்டர்.

கடைசியில் ஒரு கட்டம்: நீ சமாளித்த ஒரு சிக்கலைப் பற்றி எழுது. மதி சாப்பிடப் போயிருந்தாள். நான் கோலாப்பூர் கதையை ஒன்றுவிடாமல் எழுதி, கீழே இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பச்சை என்றால் போகலாம் என்று லாரியில் ஓடியவனுக்குத் தெரியாதா?

மறுநாள் இராஜபாளையம். கம்பெனி டேப்பைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எல்லாம் மதி கேட்ட கேள்விகள்! காருக்குப் பதில் மெஷின், துணிக்குப் பதில் பேண்டேஜ், அவ்வளவுதான். நட்சத்திரமும் பலூனும் வராதது மட்டும் உறுத்தியது. பெரிய கம்பெனி, சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

செத்த நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். என் பதில்கள் அவர் முன்னால் திறந்திருந்தன.

"ஓடிக்கிட்டிருக்க மெஷின் நின்னா நீங்களே தெறந்து பாப்பீங்களா?"

"ஆமா சார். ஆர்வம்."

அவர் என் இடது கையைப் பார்த்தார். "அந்த வெரல் எங்க தம்பி?"

"அதுவும் தெறந்து பாத்ததுதான் சார்."

அவர் திரையில் அடுத்த பதிலுக்குத் தள்ளினார். "ஆபரேசனுக்குப் போற பேண்டேஜ் தரையில விழுந்தா?"

"வீணாக்கவே மாட்டேன் சார். நல்லா தூசி தட்டி..."

கையை உயர்த்தி நிறுத்தினார். "புதுப்புது எடத்துக்குப் போகப் பிடிக்கும்னு போட்டிருக்கீங்க."

"ரொம்பப் பிடிக்கும் சார்."

"அப்ப போயிட்டு வாங்க."

வீட்டுக்கு நான் போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. அத்தான் என்னைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இனி இவரை எங்கேயும் போய் நிற்கச் சொல்ல அக்காவுக்கு வாய் இல்லை. எனக்குத் தட்டு வைக்கலாமா வேண்டாமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. மதியின் டீச்சர். அக்கா பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டாள்.

"மதி அம்மாவா? மதி எழுதுனதப் படிச்சேங்க. ஆலையில வெரல் போயி, வைத்தியத்துக்குக் காசில்லாம வேட்டியக் கிழிச்சுக் கட்டிக்கிட்டு, அழுதா அக்கா தாங்க மாட்டாள்னு வீட்டுல பொய் சொல்லி... எம்மாடி, என்னா கற்பனை! முழு மார்க் போட்டுட்டேன். நாளைக்குப் பிரேயர்ல வாசிக்கச் சொல்லுங்க."

டீச்சர் போனை வைத்தார். மதி என்னை முறைத்தாள். அக்கா என் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அத்தான் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"ஏலே மாப்ளே. லாரிக் கதவுன்னல்லா சொன்ன?"

"ஆமா அத்தான்."

"வேட்டியக் கிழிச்சா கட்டுன? தூசி தட்டிட்டா?"

கேட்டுவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டே, "ஏட்டி, என்ன வேடிக்கை பாக்க? அவனுக்குச் சோத்தப் போடு" என்றார்.

அப்புறம் ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்தது. அங்கேயும் திறன் மதிப்பீடு உண்டு. ஒரு பஞ்சு மூட்டையைக் காட்டித் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். முடிந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அப்பளம் கீழே விழுந்தால் யாரும் எடுப்பதில்லை. "மாப்ளே, தூசி தட்டு, அஞ்சு நட்சத்திரம்!" என்று அத்தான் குரல் கொடுக்கும்வரை காத்திருப்பார்கள். சுவரில் மதியின் சான்றிதழ் தொங்குகிறது. கற்பனைத் திறன்: மிகச் சிறப்பு. அது என்னுடையது என்று வருகிறவர்களிடம் சொல்லிப் பார்ப்பேன். அவள் விடமாட்டாள்.

"வெரல்தான் மாமா ஒங்களுது. மார்க்கு என்னுது."