எலுமிச்சம்பழம் நசுக்காத லேப்டாப்

எடை குறைவு என்று சொன்னால் நான் எதையும் வாங்கிவிடுவேன். மூளையிலும் அதே கொள்கையைத்தான் கடைப்பிடித்திருக்கிறேன் என்பது அந்தக் குரோம்புக் லேப்டாப்பை வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஒரு கையால் தூக்கலாம். பட்டனைத் தொட்டால் நொடியில் விழித்துக்கொள்ளும். காலையில் சார்ஜ் போட்டால் சாயங்காலம் வரை தாங்கும். பின்பக்கமாக முழுக்க மடக்கினால் சிலேட்டு மாதிரி ஆகிவிடும். (எதற்கு மடக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். மடங்குகிறதே, அது போதாதா?) நெட் இல்லாவிட்டால் முக்கால்வாசி வேலை நடக்காது, நமக்குப் பழகிய சாஃப்ட்வேர் எதுவும் ஏறாது என்பதையெல்லாம் வாங்கிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அதில்தான் என் ஆன்லைன் இன்டர்வியூ. வேலை கிடைத்தால் நாமக்கல்லில் வீட்டிலிருந்தபடியே சம்பளம். கிடைக்காவிட்டால் பெங்களூர் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டும். அந்த ஹாஸ்டல் ரசத்தை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

அப்பாவுக்கு லாரி. முதல் நாள்தான் லோடு இறக்கிவிட்டு வீடு வந்திருந்தார். அவரைப் பொறுத்தவரை புதிதாக வாங்கியது எல்லாமே வண்டி. நான் குளித்துவிட்டு வந்தபோது குரோம்புக்குக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து முடித்திருந்தார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. எங்கள் வீட்டில் மிக்ஸிக்குப் பொட்டு உண்டு, மோட்டார் சுவிட்சுக்கும் உண்டு. பொட்டில்லாத பொருள்தான் எங்கள் கண்ணுக்கு உறுத்தும்.

இன்டர்வியூ தொடங்கியது.

"மேடம், உங்க வீடியோ சிவப்பா மட்டும் தெரியுது" என்றார் இன்டர்வியூ எடுத்த கோயமுத்தூர்க்காரர்.

நெட்தான் சரியில்லை என்று முடிவு செய்து மாடிக்கு ஓடினேன். (எடை குறைவு, பாருங்கள். ஓடவும் வசதி.) அங்கேயும் சிவப்பு. சரி, மடக்கிப் பார்ப்போம் என்று சிலேட்டாக்கினேன். அவர் முகம் தலைகீழாகி, பிறகு நேராகியது. என் முகம் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

"வாய்ஸ் போதும் மேடம். உங்களைப் பத்திச் சொல்லுங்க."

நான் வாயைத் திறக்கவும், அப்பா தாம்பாளத்தோடு மாடிக்கு வரவும் சரியாக இருந்தது.

"இரு சாமி. பழம் வெக்காம வண்டிய எடுத்தா ஆகுமா?"

"அப்பா, இன்டர்வியூ ஓடுதுப்பா!"

அவர் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். "வணக்கமுங்க. நானு புள்ளையோட அப்பனுங்க. ஒரே நிமிசமுங்க."

புது வண்டி என்றால் நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கியபடி வண்டியை எடுப்பார்கள். அப்பா கைப்பிடிச் சுவரில் நான்கு பழங்களை வைத்து, என் கையிலிருந்ததை வாங்கி அவற்றின் மேல் இறக்கினார். மடக்கியதால் கீபோர்டு அடிப்பக்கம் இருந்தது. பழங்கள் அசையவில்லை.

"என்ன சாமி இது, வெயிட்டே இல்ல? ஒரு பழங்கூட நசுங்க மாட்டேங்குது!"

சொல்லிவிட்டு, தார்ப்பாய்க் கயிறு இழுத்துக் காய்த்துப்போன இரண்டு கைகளாலும் திரையின் மேல் ஓர் அழுத்து அழுத்தினார். நான்கும் நசுங்கின. சாறு முழுவதையும் கீபோர்டு குடித்தது. தொடுதிரையில் கோயமுத்தூர்க்காரரும் அழுந்தி மறைந்தார்.

"ஏம்ப்பா, பொட்ட எங்க வெச்சீங்க?" என்றேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மேல நடுவால ஒரு புள்ளி இருந்துச்சுல்ல சாமி, அது மேல அளவா வெச்சேன்."

கேமராவில் வைத்திருந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வேலை கிடைக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாகக் கும்பிட்டவர் அவர்தான். திட்ட வாய் வரவில்லை. பொட்டைப் பார்த்தும் பேசாமல் இருந்த என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

'பிறகு தொடர்புகொள்கிறோம்' என்று மெயில் வந்தது. இன்றுவரை தொடர்புகொள்ளவில்லை. நான் பெங்களூர் போனேன், ரசம் குடித்தேன். கீபோர்டு செத்த குரோம்புக் சிலேட்டாகவே அப்பாவின் லாரிக்கு வேலைக்குப் போய்விட்டது, மேப்பில் வழி காட்டுகிறது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் எது நுழைந்தாலும் ஒரே கேள்விதான்: "பழம் நசுங்குமா?" ஆபீசில் கொடுத்த கனத்த லேப்டாப்பை அப்பா தூக்கிப் பார்த்து, "இது நசுக்கும்" என்று பாஸ் போட்டார். போன வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தவர் கொஞ்சம் ஒல்லி. அவர்கள் கிளம்பியதும் அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "பழம் நசுங்காது. ஆனா நல்ல வண்டி."

கல்யாணத்தன்று அந்த ஒல்லி மாப்பிள்ளை கேமராவுக்கு எதிரே நிற்கும்போதெல்லாம், லென்ஸில் அப்பா பொட்டு வைத்திருக்கிறாரா என்று நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.