தொண்ணூறு கிரெடிட்டும் ஒரு புட்டுப் பானையும்

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மெண்டின் குசினியில் இருந்தவர்களின் முழு விபரம்: நான், என் மகள் மதுரா, அப்போது வயது பன்னிரண்டு, இரண்டு மாடி கீழே குடியிருக்கும் கணேஸ் அண்ணை, பிளாஸா ஒன்றில் கலியாண அட்டை அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். இவ்வளவு பேர்தான். என் மனைவி சுகந்தி அங்கே இல்லை. மேசையில் கிடந்த உறை அவளுடையது.

நான் பயந்த பிறவி. வேலைக்குப் புறப்பட்டால் அடுப்பை நாலு தரம் பார்ப்பேன். லிஃப்டில் இறங்கி, திரும்ப ஏறிவந்து ஐந்தாம் தரமும் பார்ப்பேன். (எங்கள் வீட்டில் இருப்பது மின்சார அடுப்பு.) பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு சரி. அதன்பிறகு ஓடுவதுதான் படிப்பாக இருந்தது. இங்கே ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலை ஒன்றில் பொதி செய்கிற பகுதியில் வேலை. பல்கலைக்கழகம் என்றால் எனக்கு 401 நெடுஞ்சாலையில் போகும்போது தெரிகிற ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான்.

சுகந்தி அப்படியல்ல. ஊரில் பல்கலைக்கழகம் போய் பி.ஏ. முடித்தவள். இங்கே வந்து, மதுரா பிறந்த பிறகு பத்து வருடமாகக் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் மூக்குத் துடைத்தும் காலணி மாட்டிவிட்டும் களைத்துப்போய், ஒருநாள் திடீரென்று, "நான் மாஸ்ரர்ஸ் படிக்கப்போறன்" என்றாள். சிறுவர் கல்வியில். அதற்கு முதல் தேவை ட்ரான்ஸ்கிரிப்ட்: ஊரில் என்னென்ன பாடம் படித்தாள், எத்தனை புள்ளி எடுத்தாள் என்று பல்கலைக்கழகமே எழுதித் தருகிற தாள். அவளுடைய தம்பி பாபு அங்கே மூன்று தரம் அலைந்து, வரிசையில் நின்று, எடுத்து அனுப்பியிருந்தான். விண்ணப்பம் முடிகிற நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. உறை வந்தது சனிக்கிழமை காலை, அவள் வேலைக்குப் போன பிறகு.

தடித்த உறை. ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே ஊதா நிறத்தில் வட்ட முத்திரை.

உடனே எனக்குள் பயம் தொடங்கியது. பெயரைப் பிழையாக அடித்திருந்தால்? என் அகதி வழக்குக் காகிதத்தில் பிறந்த மாதம் மாறி விழுந்து, அதைத் திருத்த இரண்டு வருடம் பிடித்தது. ஒரு எழுத்துப் பிழைத்தாலும் இவளுடைய படிப்புப் போச்சு. இன்றைக்கே கண்டுபிடித்தால் பாபுவைத் திரும்பவும் வரிசையில் நிறுத்தலாம். உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குலுக்கியும் பார்த்தேன். பிறகு புட்டுப் பானையில் தண்ணீர் வைத்தேன்.

மதுரா தொலைபேசியும் கையுமாகக் குசினிக்குள் வந்தாள். "அப்பா, வட் ஆர் யூ டூயிங்?"

"ஒண்டுமில்லை பிள்ளை. கவருக்குக் கொஞ்சம் ஆவி பிடிக்கிறன்."

"வை? அதுக்குத் தடிமனா, மூக்கடைப்பா?"

உறை திறந்தது. முத்திரை கரைந்து மழை முகில்போல் பரவியது. உள்ளேயிருந்த தாளும் நனைந்து தொய்ந்து என் கையில் துவண்டது. பெயரில் ஒரு பிழையும் இல்லை. அந்த நிம்மதி பத்து விநாடிதான். தாள் கிழிந்துவிடும் என்ற அடுத்த பயம் வந்து நின்றது. கணேஸ் அண்ணைக்கு ஃபோன் அடித்தேன். அவர் லாமினேட் மெஷினைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சாரத்தோடு படியேறி வந்தார்.

"உதுக்கேன் தம்பி உப்பிடி வேர்க்கிறாய்? கவர் போனாப் போகட்டும். உள்ளுக்கை கிடக்கிறதுதானே சாமான். லாமினேட் அடிச்சு விட்டா உன்ரை பேரப்பிள்ளையளும் பாக்கலாம்."

எங்கள் ஆட்களுக்கு இது விளக்கம் தேவையில்லாத விஷயம். இடம்பெயர்ந்த காலத்தில் பாயை விட்டோம், பானையை விட்டோம். பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஓடினோம். தாள் ஒன்று பிளாஸ்டிக்குக்குள் போனால்தான் எங்களுக்கு நித்திரை வரும்.

மதுரா உறையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இதிலை எழுதியிருக்கு. ஓபின் பண்ணினா செல்லாதாம்."

"அது தபால்காரருக்கு எழுதினது, பிள்ளை" என்றார் கணேஸ் அண்ணை.

மெஷின் சூடாகிற நேரத்தில் மதுராவைக் கொண்டு தாளை வாசிப்பித்தோம். அடியில் மொத்தக் கிரெடிட் தொண்ணூறு என்றிருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் சுகந்தி ஒட்டிவைத்திருந்த விபரத்தாளில், மாஸ்ரர்ஸுக்கு வருகிறவர்கள் இருபது கிரெடிட் கொண்ட பட்டம் வைத்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"இருபதுதானே கேக்கிறாங்கள்! உன்ரை அம்மாட்டைத் தொண்ணூறு இருக்கு!" என்று நான் துள்ளினேன்.

கணேஸ் அண்ணை விரல் மடக்கினார். "எழுபது மிச்சம். மாஸ்ரர்ஸ் எத்தினையாம்?"

மதுரா தொலைபேசியைத் தட்டினாள். "எட்டு அரைப் பாடம். சோ, நாலு கிரெடிட்."

"பெரிய படிப்புக்கு நாலோ? சின்னப் படிப்புக்கு இருபதோ?" எனக்கு விளங்கவில்லை.

"உன்ரை கொம்பனியிலை மனேஜர் பாண் தூக்கிறவரோ? மேலை போகப் போக வேலை குறையும்" என்று அண்ணை எனக்கு உயர்கல்வியின் அமைப்பை விளங்கப்படுத்தினார். "நாலைக் கழி. அப்பவும் அறுபத்தாறு கிடக்கு. சுகந்தித் தங்கச்சி விரும்பினா டொக்டராயும் வரலாம்."

ஈரத்தாளைச் சூட்டு மெஷினுக்குள் விட்டோம். உளவியல் பாடத்துப் புள்ளிக்கு மேல் ஒரு நீர்க்குமிழி விழுந்ததைத் தவிர வேறு குறையில்லை.

மூன்று மணிக்குச் சுகந்தி வந்தாள். கால் சப்பாத்தைக் கழற்றவும் விடாமல், "தொண்ணூறு!" என்றேன். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். லேசாக வளைத்தாள். அது தகரம்போல் சத்தம் போட்டது.

"இதை ஆர் செய்தது?"

"கணேஸ் அண்ணை." (முதலில் அவர் பெயரைத்தான் சொன்னேன். மறைக்கவில்லை.)

"ஆர் திறந்தது எண்டு கேக்கிறன்."

நான் பானையைப் பார்த்தேன். அவள் உறையை எடுத்து, கரைந்த முத்திரையை விரலால் தடவினாள். "நாலு மாசமா இதுக்குக் காத்திருந்தனான்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நல்லது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை இருவரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையில்தான் என்னைக் கூட்டிப்போனாள். கவுண்டரில் இருந்த பெண் தாளை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அது கண்ணாடிபோல் மின்னியது. இவ்வளவு பத்திரமான ட்ரான்ஸ்கிரிப்டைத் தான் இதுவரை கண்டதில்லை, ஆனால் முத்திரை உடைந்ததால் இதை ஏற்க முடியாது, இன்னொன்று அங்கிருந்து நேரே தங்களுக்கு வரவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. பாபு முதல் தாளை எடுக்கவே நாலு மாதம் ஆனது.

சுகந்தியின் முகத்தைப் பார்த்தேன். நிபந்தனை மறந்துபோயிற்று.

"மேடம்! யூ ருவென்ரி. ஷீ நைன்ரி! செவென்ரி பலன்ஸ்! ஃபோர் மாஸ்ரர்ஸ். பிளீஸ் கட்."

பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் கவனமாகத் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வெற்றுத் தாளில் நாலு பெட்டி கீறினார். ஒவ்வொன்றிலும் ஐந்து என்று எழுதினார். இங்கே ஒரு வருடம் முழுநேரம் படித்தால் ஐந்து கிரெடிட். நாலு வருடத்துக்கு இருபது. உங்கள் நாட்டில் அதே ஒரு வருடத்துக்கு முப்பது. முப்பதுக்கு ஐந்து, முப்பதுக்கு ஐந்து, முப்பதுக்கு ஐந்து என்று மூன்று பெட்டிகளைப் பேனையால் நிரப்பினார்.

எனக்கு உடனே விளங்கியது. ஊரில் பாணை ஒரு றாத்தல் என்பார்கள். இங்கே அதையே நானூற்றைம்பது கிராம் என்று பொதியில் அடிக்கிறோம். எண் பெரிதானதால் பாண் பெரிதாகவில்லை.

நாலாவது பெட்டி வெறுமையாக இருந்தது. ஐந்து கிரெடிட் குறைகிறது. பத்து அரைப் பாடம் எடுத்து நிரப்பிவிட்டு வந்தால், அப்போது மாஸ்ரர்ஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். உறை உடையாமல் வந்திருந்தாலும் பதில் இதுதான். விண்ணப்பக் காசு மட்டும் போயிருக்கும்.

காரில் ஏறியதும் அந்தக் கடைசி வசனத்தைப் பிடித்துக்கொண்டேன். "பாத்தீரோ, நான் திறந்தபடியால் விண்ணப்பக் காசு மிஞ்சிச்சு."

401 நெரிசலில் வண்டி நின்றது. அவள் முன்னாலிருந்த லொறியைப் பார்த்தபடி சொன்னாள். "நான் நாலு வருச ஸ்பெஷல் பட்டத்துக்கு எடுபட்டனான். தெரியுமோ?"

"தெரியாது. நீர் சொல்லேல்லை."

"சொன்னனான். நீங்கள் இஞ்சை, நான் ஊரிலை இருக்கேக்கை, ஃபோனிலை. விசாச் சட்டம் மாறப்போகுது, கெதியா முடிச்சிட்டு வாரும் எண்டு கிழமைக்கு மூண்டு தரம் அடிச்சனீங்கள். அதுதான் மூண்டு வருசத்தோடை முடிச்சனான்."

அந்தச் சட்டம் மாறவேயில்லை. நான் கேள்விப்பட்டதும் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் யாரோ சொன்னதுதான். அடுப்பு, பிறந்த மாதம், உறை என்று ஆயிரம் தடவை பயந்திருக்கிறேன்; ஒரு தடவையாவது என் பயத்துக்கு வேறொருவர் விலை கொடுத்திருப்பார் என்று பயந்ததில்லை.

"பத்துப் பாடத்துக்கும் காசு நான் கட்டுறன்" என்றேன்.

"கட்டத்தான் வேணும்" என்றாள்.

பாபு திரும்பவும் வரிசையில் நின்றான். இரண்டாவது உறை எங்கள் வீட்டு வாசலையே பார்க்காமல் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போனது. சுகந்தி பட்டத்துக்குப் பதியாமல் தனிப் பாடங்கள் மட்டும் எடுக்கிற மாணவியாகச் சேர்ந்து, வேலை முடிந்து மாலையில் போய்ப் படிக்கிறாள். அரைப் பாடம் என்றதும் பாதி வேலை என்று நினைத்திருந்தேன். நாலு மாதம், மூன்று கட்டுரை, ஒரு சோதனை. அதற்குப் பெயர் அரை. நான் சனிக்கிழமைகளில் ஓவர்டைம் செய்கிறேன். எங்கே கூடினாலும் பாபு வீடியோவில் வந்து, "அத்தான், அந்த மிச்ச அறுபத்தாறையும் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்பான். மதுராவுக்கு இப்போது பதினைந்து வயது. கணிதத்தில் அறுபத்தாறு எடுத்துவந்த அன்று, அந்த மிச்சத்திலிருந்து அப்பாதான் கொடுத்தார் என்று சொல்லிவிட்டாள்.

சுகந்தி இதுவரை எட்டுப் பாடம் முடித்துவிட்டாள். எட்டுக்கும் நான் கட்டிவிட்டேன். பாடம் ஒன்றுக்கு எழுநூற்று முப்பது டொலர். இன்னும் இரண்டு இருக்கிறது: ஆயிரத்து நானூற்று அறுபது டொலர்.