கறைக்கு மேல் ஒரு கொள்ளுத்தாத்தா

மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரத்தில்தான் ஹால் சுவரில் பரவியிருந்த ஈரக்கறை பேக்கரிக்காரரின் கண்ணில் பட்டது. பரணைத் துழாவினார். பெரிய மகள் ஏதோ பழம்பொருள் கடையில் வாங்கி வைத்திருந்த, சட்டம் போட்ட புகைப்படம் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட்டாள அதிகாரி. வாள், பதக்கங்கள், காதைத் தொடும் மீசை. மாட்டியதும், அளவெடுத்தது போலக் கறை மறைந்தது.

"அப்பா, அது மட்டும் வேணாம்பா," என்றாள் பெரியவள். முகம் வெளுத்திருந்தது.

"பின்னே, கறையைப் பார்த்துட்டுப் போகட்டுமா?"

பெரியவளின் தோழி கொண்டுவந்த சம்பந்தம் இது. இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. காதல் கீதல் என்று எந்தப் பக்கமும் திரும்பாத பெண்ணுக்கு இதுவாவது அமைய வேண்டுமே என்று அவர் உண்மையிலேயே தவித்தார்.

மாப்பிள்ளையின் அப்பா வக்கீல். உட்கார்ந்ததும் படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாருங்க இது?"

கறை என்றா சொல்ல முடியும்? "எங்க கொள்ளுத்தாத்தா. அப்பாவோட தாத்தா."

வக்கீலின் மனைவி நிமிர்ந்தாள். "இதே படம் நம்ம ஹால்லயும் தொங்குதே! உங்க கொள்ளுத்தாத்தான்னுதானே சொன்னீங்க?"

வக்கீல் கோர்ட்டில் சொன்னதை மாற்றிச் சொல்லக் கூசாதவர். மனைவியிடம் சொன்னதை மாற்றும் தைரியம் மட்டும் இல்லை. "ஆமா, அவரேதான்."

"அப்படின்னா நீங்க ரெண்டு பேரும் பங்காளிங்க! பையனும் பொண்ணும் அண்ணன் தங்கச்சி!" டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

பேக்கரிக்காரர் அவசரமாகக் குறுக்கிட்டார். "அப்பா வழின்னா சொன்னேன்? அம்மா வழிங்க!"

"எனக்கும் அம்மா வழிதான்!" என்றார் வக்கீல், அதே நொடியில்.

ஒருவர் மட்டும் மாறியிருந்தால் கட்டிக்கொள்ளும் முறை வந்திருக்கும்.

"அக்கா தங்கச்சி பிள்ளைங்களா? அப்பவும் நீங்க அண்ணன் தம்பிதானே!" என்றாள் வக்கீல் மனைவி.

"அப்போ அப்பா வழிதான்!" என்றார்கள் இருவரும், மறுபடி ஒரே குரலில்.

பேக்கரிக்காரர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "உண்மையைச் சொல்லிடறேன். எங்க கொள்ளுத்தாத்தாவுக்குக் கல்யாணமே ஆகலை!"



"அப்ப நீங்க?" என்று கேட்டாள் வக்கீல் மனைவி.

அதற்குமேல் அவரிடம் பொய் இல்லை. படத்தைக் கழற்றினார். "இவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. பின்னாடி கறை."

வக்கீல் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "எங்க வீட்டுல ஓட்டைங்க. பீரோ இடிச்சது." மனைவி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

கறைக்கும் ஓட்டைக்கும் பொருத்தம் பிரமாதமாக இருந்தது. அங்கேயே கல்யாணம் முடிவானது. பேக்கரிக்காரருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"பெரியவங்களா பார்த்து முடிக்கிறதுக்கு ஈடு உண்டா? ரெண்டு பேரும் இன்னிக்குத்தான் முதல்ல பார்த்துக்கறாங்க!"

"அதைச் சொல்லுங்க. எனக்கும் இந்தக் காதல் கல்யாணம்னாலே ஆகாது," என்றார் வக்கீல்.

மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. காலிக் கோப்பைகளை எடுக்க வந்த இளைய மகள், சோபாவில் சாய்ந்திருந்த அதிகாரியைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, போன வருஷம் நீ ஜோடியா வாங்கி, ஒண்ணை இந்த அத்தானுக்குக் குடுத்தியே, அந்தப் படம்தானே இது?"