வாழைக்கன்று வைத்தியம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ள, நான் ஒரு காரை ஊருணிக்குள் இறக்க வேண்டியிருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று மாதம் பில் எழுதியிருந்தேன். (ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று இன்றுவரை தெரியாது.) திருமயம் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு அது போதும், நான் கார் நிபுணன். முக்கியமாக என் தாய்மாமா அப்படி நம்ப வேண்டியிருந்தது. தன் மகள் வள்ளியை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. மாமாவின் பழைய காரின் முன் பம்பரில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. அவர் கீரமங்கலத்துக்குக் கிளம்ப வேண்டும். வண்டியை எடுத்தால் முன்பக்கம் 'கடக் கடக்' என்று சத்தம். ஸ்டீயரிங்கைக் கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போய்ச் சேர்ந்தது.

டிரைவர் முத்தையா அண்ணன் சொன்னார்: "ஜாக்கி வச்சுத் தூக்கி, அடியில படுத்துப் பாக்கணுங்க. டை ராடு முனை தேஞ்சிருக்கும். கழண்டுச்சுன்னா சக்கரம் நம்ம பேச்சைக் கேக்காது."

மாமா என்னைப் பார்த்தார். ஜன்னலில் வள்ளி நின்றாள். நான் கட்டியிருந்ததோ புத்தம்புது ஜரிகை வேட்டி. அதோடு மண்ணில் படுப்பதா?

பம்பரை இரண்டு முறை தட்டினேன். "வாழைக்கன்னு ஆடி பம்பர்ல இடிக்குது மாமா. எலையில காத்துப் புடிச்சு வண்டிய அங்கிட்டும் இங்கிட்டும் இழுக்குது. அதான் ஸ்டீயரிங் லூசு."

சொல்லி முடித்தபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கன்றுகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு நானே ஓட்ட உட்கார்ந்தேன். மாமா பக்கத்தில். முத்தையா அண்ணன் பின்சீட்டில், கதவைப் பாதி திறந்து பிடித்தபடி. (அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

"சத்தம் நிக்கலையேடா?"

"அது ரோட்டுச் சத்தம் மாமா."

ஊருணி வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். அது முழுச் சுற்று சுற்றியது. சக்கரம் நேராகவே போனது. முத்தையா அண்ணன் குதித்துவிட்டார். மாமாவும் நானும் நிதானமாக, மரியாதையாக, காரோடு தண்ணீருக்குள் இறங்கினோம்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு மாமா கரையைப் பார்த்துக் கத்தினார்: "ஏன்டா முத்தையா, வண்டியப் பாக்கத்தானே ஒன்னைய வச்சிருக்கேன்?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. "அண்ணன் சரியாத்தான் சொன்னாரு மாமா. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது" என்றேன். (பொய் யோசிக்க நேரமில்லை. வாயெல்லாம் சேறு.)

மாமா என்னையும் என் ஜரிகையையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஆறு மாசமா இதைத்தான் ஒன் வாயால கேக்கணும்னு இருந்தேன். தையில கல்யாணத்த வச்சுக்கலாம். ஆனா வண்டிச் சாவியத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

கல்யாணம் நடந்தது. சாவியை நான் அதற்குப் பிறகு தொடவே இல்லை.

போன வாரம் மாடிப்படி ஏறும்போது என் முழங்கால் 'கடக் கடக்' என்றது. டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டேன். வள்ளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மொதல்ல வாழைக்கன்ன அவுத்துப் பாருங்க."